கடுமையான நூல் விமர்சனத்தை எழுதும் முறை

ஒரு நூலைக் கடிந்து எழுதிய நல்ல விமர்சனத்தை நாம் ஏன் விரும்பிப் படிக்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும், ஏனெனில் அதை எழுதும் முறை அந்தக் காரணத்திலிருந்தே பிறக்கிறது. பிறர் அடிபடுவதை வேடிக்கை பார்க்கும் ஆசையும் அதில் சிறிது இருக்கலாம். ஆனால் பெரும்பங்கு வேறு. 400 ரூபாய் கொடுத்து வாங்கிய நாவல் அறுபதாம் பக்கத்திலேயே சலிக்கத் தொடங்கும்போது, பின்னட்டையிலும் அணிந்துரையிலும் வெளியீட்டு விழா மேடையிலும் எல்லோரும் புகழ்ந்த நூல் தமக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று வாசகர் தம்மையே நொந்துகொள்கிறார். அந்தச் சலிப்புக்குக் காரணத்தையும் பக்க எண்ணையும் எடுத்துக்காட்டும் விமர்சனம், அவருடைய வாசிப்பின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட விமர்சனத்தை எழுத விரும்புவோருக்காகவே இக்கட்டுரை.

நூலை முழுவதும் படியுங்கள். 1818இல் லண்டனின் ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழில் ஜான் கீட்ஸின் ‘எண்டிமியன்’ என்ற நெடுங்கவிதையைத் தாக்கி ஒரு விமர்சனம் வெளிவந்தது. அதைப் பெயரில்லாமல் எழுதிய ஜான் வில்சன் குரோக்கர், நான்கு பகுதிகளில் முதல் பகுதிக்குமேல் தம்மால் படிக்க இயலவில்லை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். கீட்ஸ் 1821இல் காசநோயால் இறந்தபோது, அந்த விமர்சனமே அவரைக் கொன்றது என்ற கதை பரவியது. அக்கதை உண்மையன்று, தம் கவிதையின் குறைகளைத் தாமே உணர்ந்ததால் உண்டான வலி எந்த இதழும் தரக்கூடிய வலியைவிடப் பெரியது என்று கீட்ஸே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இருந்தும் குரோக்கரின் பெயர் இன்றுவரை நினைவில் நிற்பது அவர் படிக்காமல் விட்ட மூன்று பகுதிகளால்தான். முழுவதும் படிக்க முடியாத நூலைப் பற்றி எழுதாமல் இருந்துவிடலாம். எழுதினால் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். குற்றம் தேடியே படிப்பவருக்கு நூல் தன்னைத் திறந்து காட்டாது. இரண்டாம் வாசிப்பில், முதல் முறை எங்கெல்லாம் கண் தானாக வரிகளைத் தாண்டி ஓடியதோ அங்கெல்லாம் நின்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குறிப்புகளை வகைப்படுத்த வேண்டும். இதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலே போதும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை என்று நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அது வகுத்துத் தருகிறது. இவற்றுள் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஊக்கத்தோடு தொடங்கி, நடுவில் தளர்ந்து, முடிக்க வேண்டுமே என்பதற்காக முடிக்கப்பட்ட எத்தனையோ நாவல்களின் நோயை அந்த மூன்று சொற்கள் சொல்லிவிடுகின்றன. பத்துக் குற்றங்களையும் ஒரே நூலின்மேல் சுமத்த முயலாதீர்கள். நூலைச் சாய்த்த குற்றம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அதைக் கண்டுபிடிப்பதுதான் விமர்சகரின் வேலை.

குற்றத்தைக் கண்டபின் அதைக் காட்ட வேண்டும். ‘நடை சரியில்லை’ என்பது வெறும் புகார். ஊர் வரலாறு ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் விமர்சித்தேன். அதன் 38ஆம் பக்கத்தில் ஊர் ஏரி சோழர் காலத்தில் வெட்டப்பட்டதாகவும், 112ஆம் பக்கத்தில் அதே ஏரியை நாயக்கர்கள் வெட்டியதாகவும் இருந்தது. நூலாசிரியர் பொறுப்பற்றவர் என்று என் முதல் வரைவில் அரைப்பக்கம் எழுதியிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, அந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மேற்கோள் காட்டி, இரண்டுக்கும் ஆதாரம் தரப்படவில்லை என்ற ஒரே வாக்கியத்தைச் சேர்த்தேன். மாறுகொளக் கூறல் என்ற சொல்லைக்கூட எழுதத் தேவைப்படவில்லை. வரிகளே பேசும்போது விமர்சகர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இவ்வகையில் நான் மீண்டும் மீண்டும் படிக்கும் விமர்சனம், நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் பீட்டர் மெடாவர் 1961இல் ‘மைண்ட்’ என்ற தத்துவ இதழில் எழுதியது. பிரெஞ்சுப் பாதிரியார் தெயார் த ஷார்தென் பரிணாமத்தைப் பற்றி எழுதி அன்று பெரும் புகழ் பெற்றிருந்த நூலை அவர் எடுத்துக்கொண்டார். ஆற்றல், விசை, பரிமாணம் போன்ற அறிவியல் சொற்களை அந்நூல் உருவகமாகத் தளர்த்திப் பயன்படுத்திவிட்டு, அவற்றின் அறிவியல் கனம் மட்டும் குறையாததுபோல் வாதிடுகிறது என்பதை மேற்கோள்களால் அவர் நிறுவினார். பிறரை ஏமாற்றுமுன் ஆசிரியர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள மிகவும் பாடுபட்டிருக்கிறார் என்பதால் மட்டுமே அவரை நேர்மையின்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கலாம் என்பது அவருடைய தீர்ப்பு. இதைவிடக் கடுமையாக எழுதுவது அரிது. ஆயினும் அது வசையாகத் தோன்றாததற்குக் காரணம், கட்டுரை முழுவதும் சான்றுகள் அதைத் தாங்கி நிற்பதுதான். கடுஞ்சொல்லை ஒரே ஒரு முறை, சான்றுகள் எல்லாம் வந்து சேர்ந்த இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

நகைச்சுவை கைவருமானால் அதையும் பயன்படுத்தலாம், எச்சரிக்கையோடு. மார்க் ட்வைன் 1895இல் அமெரிக்க நாவலாசிரியர் ஃபெனிமோர் கூப்பரின் நாவல்களை விமர்சித்தபோது, ஓடையின் அகலத்தையும் அதில் செல்லும் படகின் நீளத்தையும் அடிக்கணக்கில் அளந்து, மரக்கிளையில் காத்திருந்த ஆறு பேரில் ஐவர் அந்தப் படகுக்குள் குதிக்கத் தவறுவது எவ்வளவு அபத்தம் என்று காட்டினார். படித்தவர் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் மூலத்தோடு ஒப்பிட்டு, ட்வைன் பல இடங்களில் கூப்பரைத் திரித்துக் காட்டியிருப்பதை எடுத்துரைத்தனர். சிரிப்புக்காக மேற்கோளில் ஒரு சொல்லை மாற்றினாலும் விமர்சனம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அனுப்புமுன் ஒவ்வொரு மேற்கோளையும் நூலோடு வைத்துச் சரிபாருங்கள்.

நூல் எதைச் செய்ய முயன்றது என்பதை, அதன் ஆசிரியரே ஒப்புக்கொள்ளும் வகையில், விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். சிறுவர் கதையில் தத்துவ ஆழம் இல்லை என்று அடிப்பது அநீதி. நூலில் நன்றாக வந்த அத்தியாயம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். குற்றங்களை எண்ணிய நன்னூல் உடனே பத்து அழகுகளையும் எண்ணத்தான் செய்கிறது. ஆசிரியரின் சாதி, ஊர், கட்சி, அட்டையில் உள்ள படம் ஆகியவற்றுக்கும் விமர்சனத்துக்கும் தொடர்பில்லை. நண்பர் நூலையும் பகைவர் நூலையும் எடுக்காமல் இருப்பது நல்லது. எடுத்தால் உறவை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தமிழில் எழுத்தாளரும் பதிப்பாளரும் விமர்சகரும் ஒரே புத்தகக் கண்காட்சியில் தேநீர் குடிப்பவர்கள் என்பதால் இது இங்கே கூடுதலாகவே தேவைப்படுகிறது.

யாரைக் கடிவது என்பதிலும் நிதானம் வேண்டும். தம் செலவில் முதல் கவிதைத் தொகுப்பை அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்த இளைஞரை விமர்சனத்தால் வீழ்த்துவதில் யாருக்கும் பயனில்லை. குறைகளை அவருக்குத் தனியே எழுதி அனுப்பலாம். விருது பெற்ற நூல், பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்ட நூல், மருத்துவத்தையோ வரலாற்றையோ தவறாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கைக்குப் போன நூல் ஆகியவற்றிடம் அந்தத் தயக்கம் கூடாது. அங்கே மௌனம் வாசகருக்கு இழைக்கும் தீங்கு.

விமர்சனம் வெளிவந்தபின்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நூலுக்கு மறுபதிப்பு வந்தால் வாங்கிப் பாருங்கள். நான் சொன்ன ஊர் வரலாற்றின் இரண்டாம் பதிப்பில் 112ஆம் பக்கத்து வரி நீக்கப்பட்டு, 38ஆம் பக்கத்தில் ஏரிக் கல்வெட்டின் வாசகமே அடிக்குறிப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. முதல் விமர்சனம் வந்த அதே இதழுக்கு அதைப் பற்றியும் எழுதி அனுப்பினேன்.