இறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி: ஒரு பெயருக்காக இரண்டு மாதம் அலைந்தவனின் குறிப்பு

அப்பா இறந்தது மதுரையில், ஒரு தனியார் மருத்துவமனையில். எங்கள் ஊர் மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். உடலை ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் சுடுகாட்டில்தான் எரித்தோம். ஆதார், ரேஷன் அட்டை, பட்டா எல்லாம் ஊர் முகவரியில். ஆகவே சான்றிதழும் ஊரில்தான் கிடைக்கும் என்று நம்பி, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்றேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "உயிர் எங்கே பிரிந்தது?"

மதுரை என்றேன். "அப்படியானால் மாநகராட்சிக்குப் போங்கள்" என்றார். ஒரு நாள் வீண். அந்த வீண் அலைச்சலையும், அதற்குப் பிறகு நடந்த பெரிய அலைச்சலையும் நீங்களாவது தவிர்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே சொல்கிறேன்.

படி 1: எந்த அலுவலகம்?

குடியிருந்த ஊர், எரித்த ஊர், சொந்த ஊர் எதுவும் கணக்கில் இல்லை. உயிர் பிரிந்த இடம் எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கேதான் பதிவு. கிராமத்தில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலர். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால் முதலில் அங்கேயே விசாரியுங்கள். வளாகத்துக்குள்ளேயே பதிவு நடக்கும் இடங்கள் உண்டு. ஓடுகிற வண்டியில் உயிர் போயிருந்தால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிய வேண்டும் என்பது விதி.

படி 2: யார் தெரிவிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள்?

மருத்துவமனையில் இறந்தால் தகவல் அனுப்பும் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவருடையது. கெடு 21 நாள். இது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்தது. நம் வீடுகளில் "பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். காரியம் முடிந்த மறுநாள் கணக்குப் பார்த்தால் கையில் ஐந்து நாள்தான் மிஞ்சும், அதிலும் ஒரு சனி, ஞாயிறு விழுந்துவிடும். காரியத்துக்கு முன்பே ஒருவரை அனுப்பிவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர்தான் போக வேண்டும் என்றில்லை.

வீட்டு மரணம் என்றால், கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்பின் காரணத்துக்கான சான்றை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மயான ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். விபத்து, தற்கொலை போன்றவற்றில் காவல் துறை, பிரேதப் பரிசோதனை என்று வழி வேறு. அதில் எனக்கு அனுபவம் இல்லை, ஆகவே இங்கே எழுதவில்லை.

படி 3: பெயர். இங்கேதான் நான் விழுந்தேன்.

அப்பாவை அவசரப் பிரிவில் சேர்த்தபோது உடன் இருந்தவர் அக்காள் கணவர். பெயர் கேட்டிருக்கிறார்கள், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறார். உண்மைப் பெயரை விட்டுவிடுகிறேன். ஆதாரில் மாணிக்கவாசகம், மருத்துவமனையில் மாணிக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டில் எழுதிய பெயர் மருந்துச் சீட்டுக்குப் போனது, பில்லுக்குப் போனது, கடைசியில் இறப்பு அறிக்கைக்கும் போனது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, அம்மா அழுதுகொண்டிருக்கிறாள், யார் வாசித்துப் பார்ப்பார்கள்?

வாசித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆம்புலன்ஸ் நிற்கட்டும். ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியவை: பெயர், முன்னெழுத்து, தந்தை பெயர், தாய் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், இறந்தபோது இருந்த முகவரி, நிரந்தர முகவரி. இவை எல்லாம் சான்றிதழில் அச்சாகும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வருவதால் இரண்டையும் பாருங்கள். தமிழில் சரியாக இருந்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடினாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள்.

சரி, தவறாகப் பதிவாகிவிட்டது. என்ன செய்வது?

பிழையை அடித்துவிட்டுச் சரியாக எழுதித் தருவார்கள் என்று நினைத்தேன். சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படி இல்லை. முதலில் எழுதியதை யாரும் தொடக்கூடாது. பக்கத்தின் ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து, பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். வெறும் எழுத்துப் பிழை என்று பதிவாளருக்குப் பட்டால் வேலை சுலபம். ஆளே மாறிப்போனதுபோல் பெயர் இருந்தால், உண்மை அறிந்த நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழி வேண்டும். எனக்கு இரண்டாவது வகை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் அப்பாவின் பால்ய நண்பரும் கையெழுத்துப் போட்டார்கள். இதோடு, அனுமதியின்போது பெயர் தவறாகத் தரப்பட்டது என்று மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதமும் கேட்டார்கள். உறுதிமொழி இரண்டு நாளில் முடிந்தது. அந்தக் கடிதத்துக்கு ஐந்து வாரம். "அதற்கான ஆள் விடுப்பில் இருக்கிறார்" என்ற வாக்கியத்தை இன்று கேட்டாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இடையில் ஒருவர் குறுக்கு வழி சொன்னார்: "இருவரும் ஒருவரே" என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி எல்லா இடத்திலும் இணைத்துவிடலாம் என்று. வேண்டாம் என்பது என் கட்சி. வங்கி அதை ஏற்கும், காப்பீட்டு நிறுவனம் ஏற்காது, தாலுகா அலுவலகத்தில் புதிதாக ஒன்று கேட்பார்கள். மூலத்தைத் திருத்திவிட்டால் அத்தனை பேர் வாயும் ஒரே நாளில் அடைபடும்.

படி 4: இணையத்தில் தேடி இறக்குவது

பதிவு முடிந்ததும், தமிழக அரசின் குடிமைப் பதிவு இணையதளமான சி.ஆர்.எஸ்.டி.என். தளத்தில் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். சென்னை மாநகராட்சிக்கு அதன் சொந்தத் தளத்திலேயே இந்த வசதி இருக்கிறது. பாலினம், தேதி, இடம் போன்ற விவரங்களைக் கொடுத்தால் போதும்.

மூன்று நாள் தேடினேன். பதிவே இல்லை என்றது. தளத்தைத் திட்டினேன், இணைய இணைப்பைத் திட்டினேன். நான்காம் நாள்தான் உறைத்தது. அப்பாவின் உயிர் பிரிந்தது வியாழன் நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால் மணிக்கு. விடியும்வரை வியாழன்தான் என்பது எங்கள் பெரியவர்கள் கணக்கு. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் வியாழன், என் மனத்திலும் வியாழன். அரசுக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால் வெள்ளி. தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டதும் அப்பாவின் பெயர் வந்து நின்றது, தவறான எழுத்துகளோடு. திதி கொடுப்பதற்கு வியாழனை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பங்களில் மட்டும் சான்றிதழில் இருக்கும் தேதியையே எழுதுங்கள்.

இதைக் கைபேசியில் செய்யாதீர்கள். கணினி இல்லையென்றால் இ-சேவை மையம். அலுவலக வாசலில் மரத்தடியில் நிற்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். அவர் செய்வதும் இதே தேடல்தான்.

படி 5: அச்சும் நகல்களும்

கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு முறை அனுப்பி வையுங்கள். லேசர் அச்சில் ஐந்தாறு பிரதி எடுங்கள். மை அச்சில் வியர்வை பட்டால் கியூஆர் குறியீடு கலங்கிவிடும். லேமினேட் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முத்திரை குத்தவோ பின்பக்கம் குறிப்பு எழுதவோ முடியாத காகிதத்தை எந்த அலுவலகத்திலும் விரும்புவதில்லை.

சான்றிதழில் இறப்பின் காரணம் இருக்காது. அதை வெளியிடச் சட்டமே அனுமதிப்பதில்லை. காப்பீட்டுக்கு அது தேவைப்பட்டால் மருத்துவமனை தரும் காரணச் சான்றின் நகல் வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு நெருங்கிய உறவினருக்கு அந்த நகலைத் தருவது மருத்துவமனையின் கடமை. உடலைப் பெறும்போதே கேட்டு வாங்குங்கள்.

வாரிசுச் சான்றிதழ் வேறு, இது வேறு. அதைத் தருபவர் தாசில்தார். அந்த விண்ணப்பத்துக்கு இது முதல் இணைப்பு, அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

தாத்தா 1980களில் கிராமத்தில் இறந்தார், பட்டா மாற்ற இப்போது சான்றிதழ் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்றே பதிந்திருந்தால், கிராமங்களின் பழைய பதிவேடுகளுக்குச் சார் பதிவாளர் அலுவலகத்தில் தேடல் மனு போடுங்கள். பதிவுத் துறையின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். சரியான ஆண்டு தெரியாவிட்டால் தேடல் நீளும். காரியப் பத்திரிகை, பழைய நாட்குறிப்பு, கல்லறைக் கல் எதையாவது பார்த்து ஆண்டைக் குறுக்கிக்கொண்டு போங்கள்.

பதிவே செய்யவில்லை என்றால், முதலில் பதிவு இல்லை என்பதற்கான சான்று. பிறகு தாமதப் பதிவு. 30 நாள் வரை தாமதக் கட்டணம் மட்டும். ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி. ஓராண்டு தாண்டினால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு. மத்தியச் சட்டம் முன்பு இதற்குக் குற்றவியல் நீதிமன்றத்தைத்தான் காட்டியது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மாற்றிவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு நேராக வழக்கறிஞரிடம் ஓடாதீர்கள்.

இன்னொருவர், அம்மாவின் பெயருக்கு முன் தாத்தாவின் முன்னெழுத்தா, அப்பாவின் முன்னெழுத்தா என்று கேட்டார். ஆதாரில் ஒன்று, ஓய்வூதியப் புத்தகத்தில் வேறொன்றாம். பணம் எந்த ஆவணத்தின் பேரில் வர வேண்டுமோ அந்த ஆவணத்தில் இருப்பதைப் போடச் சொன்னேன். ஓய்வூதியப் புத்தகத்தில் இருந்த முன்னெழுத்தையே போட்டதாகவும், குடும்ப ஓய்வூதியம் அப்பாவுக்கு வரத் தொடங்கிவிட்டதாகவும் போன வாரம் எழுதியிருந்தார்.