பால் சங்கத்தில் ரத்தம் எடுத்தால் மாவட்டக் கணக்கு வராது

குஜராத்தில் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்ற, உண்ணியால் பரவும் வைரஸ் நோய் மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறாராம், ஒரு இளைஞர். போன மாதம் பயிற்சி வகுப்பில் சொன்னார். "முகாம் எங்கே?" என்றேன். "பால் சங்கத்தில் சார், காலையில் நல்ல கூட்டம் வரும்." எனக்குப் பகீரென்றது. அது என் பழைய தவறு. குழாயில் பெயர் எழுத மறப்பது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகும். இது ஆகாது.

கூட்டம் வேறு, ஊர் வேறு

காலை ஆறு மணிக்குப் பால் கேனோடு வரிசை நிற்கும். ஊற்றிவிட்டு வந்தவர்களை அப்படியே பெஞ்சில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தோம். ஒன்பது மணிக்குள் அறுபது குழாய். ஐஸ் பெட்டியை மூடும்போது எனக்கு ஏகப் பெருமை. முடிவு வந்ததும் 'மாவட்ட மக்களில் இத்தனை சதவீதம்' என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் மாடு இல்லாதவர் எத்தனை பேர்?"

பதிவேட்டைப் புரட்டினேன். டீக்கடைக்காரர் ஒருவர்தான் தேறினார்.

இந்த வைரஸ் ஹயலோமா என்ற வகை உண்ணி கடித்தும், உண்ணியை விரலால் நசுக்கியும், தொற்றுள்ள கால்நடையின் ரத்தம் பட்டும் மனிதருக்கு வருகிறது. மாட்டுக்கு நோய் அறிகுறியே தெரியாது என்பதால் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. தினமும் உண்ணி பிடுங்குகிறவரையும் அதே தெருத் தையல்காரரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? மாடு வைத்திருப்பவர்களை மட்டும் எடுத்தால் எண் வீங்கிவிடும். பின்னால் கணக்குப் போட்டுச் சரிக்கட்டவும் வழியில்லை, மற்றவர்கள் பட்டியலிலேயே இல்லையே. மூன்று மாத உழைப்பு, வண்டி வாடகை எல்லாம் போயிற்று. அத்தனை பேரை வீணாகக் குத்தினோமே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுப் பட்டியல் எடுங்கள், குலுக்கிப் பொறுக்குங்கள், வீட்டுக்கே போங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் எடுக்காதீர்கள், சாயங்காலம் திரும்பி வாருங்கள். பகலில் மேய்ச்சலுக்குப் போனவர் விடுபட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும்.

ஐஜிஜி இருந்தாலே நோயாளி அல்ல

ஐஜிஜி என்பது தொற்றுக்குப் பிறகு ரத்தத்தில் நெடுநாள் தங்கும் எதிர்ப்புப் புரதம். அது இருந்தால் என்றைக்கோ தொற்றியிருக்கிறது. அவ்வளவுதான்.

சோதனையும் பொய் சொல்லும்

1000 பேரில் 10 பேருக்குத்தான் உண்மையில் தொற்று என்று வையுங்கள். தொற்றாதவர்களில் 2 சதவீதத்தினரைத் தவறாகக் காட்டும் கிட் என்றால் சுமார் 20 பொய்யான பாசிட்டிவ். கையில் 30 பாசிட்டிவ், அதில் மூன்றில் இரண்டு பொய்! வேறொரு சோதனையில் உறுதி செய்யாமல் வாயைத் திறக்காதீர்கள்.

மருத்துவமனைப் பதிவேடு

2011 ஜனவரியில் இந்தியாவில் முதன்முறையாக இந்நோய் அகமதாபாத் மாவட்டத்தில் உறுதியானது. நோயாளிப் பெண்ணும், அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவரும் செவிலியரும் இறந்தார்கள். அந்தப் பயத்தில், தொற்றினாலே ஆஸ்பத்திரிதான் என்று நினைக்கிறார்கள். லேசான காய்ச்சலோடு தப்பியவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதனால் அதை வைத்தும் மாவட்டக் கணக்குப் போட முடியாது.

அப்புறம், அந்த இளைஞர் திட்டத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். முகாம் இப்போது பஞ்சாயத்து அலுவலகத்தில். மறுபடி கூப்பிட்டுப் பேச வேண்டும்.