நீர்மட்டக் கோடு கசியாமல் வர

பாய் வள்ளத்தில் நீர்மட்டக் கோட்டுக்கு ரேப் (ஒட்டு நாடா) ஒட்டியதும், முதலில் உடலின் நிறத்தையே ரேப் விளிம்பில் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். பிறகுதான் கோட்டு நிறம். ரேப்புக்கு அடியில் கசிவது உடல் நிறமே என்பதால் கண்ணில் படாது. அது காய்ந்து இடுக்கையும் அடைத்துவிடும். கடைசிப் பூச்சு விரலில் ஒட்டும் பதத்திலேயே ரேப்பைப் பின்பக்கமாக மடித்து இழுங்கள், முழுக்கக் காய்ந்தால் விளிம்பு பிய்ந்துவிடும். முல்லைத்தீவுக் கரையில் என்றால், பனி உலர்ந்த கையோடு, சோளகம் (தென்மேற்குக் காற்று) மணலைக் கிளப்புமுன் அடித்து முடிப்பது நல்லது.

பழைய பெயின்ற் மாவாக உதிரும் இடத்தில் இது பலிக்காது. 220ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகே ரேப். கோட்டை எனாமல் பெயின்றில் அடித்தால், அது வள்ளம் மிதக்கும் மட்டத்துக்கு 2 அங்குலமாவது மேலே இருக்கட்டும். எப்போதும் நீருக்குள் கிடந்தால் எனாமல் கொப்பளித்துக் கழன்றுவிடும்.