புரட்டாசியில் சீனாவுக்கு: பொன்வார விடுமுறையில் போட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு

2023 அக்டோபர் 2, இரவு. சீனாவின் ஹாங்ஜோ நகரிலுள்ள 'பெரிய தாமரை' அரங்கில் சாந்தி பெரேரா 200 மீட்டரை 23.03 விநாடியில் ஓடித் தங்கம் வென்றபோது நானும் அப்பாவும் அங்கே இருந்தோம். ஆசிய விளையாட்டுத் திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு 49 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. 1974-இல் சீ ஸ்வீ லீ 400 மீட்டரில் வென்ற செய்தியை வானொலியில் கேட்டவர் அப்பா. "இந்தத் தடவை நேர்ல பாத்துடணும்மா" என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால்தான் எல்லாரும் "வேண்டாம்" என்று தடுத்த வாரத்திலேயே கிளம்பினோம்.

அது சீனாவின் பொன்வாரம். தேசிய நாளான அக்டோபர் 1-ஐ ஒட்டி வரும் நீண்ட விடுமுறை. அந்த ஆண்டு மூன்கேக் திருநாளும் சேர்ந்துகொள்ள, செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரை எட்டு நாள். அதை ஈடுகட்ட 7, 8 தேதிகளில், சனி ஞாயிறு என்றும் பாராமல் வேலைக்குப் போனார்கள். நாடே ஒரே நாளில் புறப்பட்டு ஒரே நாளில் திரும்பும். சிறிய கார்களுக்கு அந்த நாள்களில் விரைவுச்சாலைக் கட்டணமும் கிடையாது. ஆகவே சாலை வழியை மறந்துவிடுங்கள். விடுமுறை தொடங்குவதற்கு முன்பே போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச் சேருங்கள், அந்த ஓர் ஊரிலேயே தங்குங்கள், வாரத்தின் நடுவில் திரும்புங்கள். நாங்கள் செப்டம்பர் 27 போனோம், அக்டோபர் 4 வந்தோம். பெய்ஜிங், ஷாங்காய் டென்னிஸ் போட்டிகளும் இதே பருவத்தில்தான் வரும். சீன அரசு விடுமுறைப் பட்டியலை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வெளியிட்டுவிடுவதால், அதைப் பார்த்துவிட்டு விமானச்சீட்டு எடுங்கள்.

ரயில்தான் முக்கியம். ஷாங்காயிலிருந்து ஹாங்ஜோவுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சீட்டு விற்பனை 15 நாளுக்கு முன்புதான் திறக்கும், அதுவும் பயண நாளைச் சேர்த்து எண்ணி. அக்டோபர் 1 பயணத்துக்கு செப்டம்பர் 17. அன்று காலையிலேயே கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுங்கள். பயணிகள் விவரத்தை ஒரு வாரம் முன்பே பதிந்து, கடப்பிதழ் சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும்.

இங்கே சிங்கப்பூர்த் தமிழர்களான நமக்கு ஒரு சிக்கல் உண்டு. அப்பாவின் கடப்பிதழில் பெயருக்கு நடுவே 'எஸ்/ஓ', அதாவது 'இன்னாரின் மகன்', இருக்கிறது. நாங்கள் பயன்படுத்திய செயலி அந்தச் சாய்கோட்டை ஏற்கவே இல்லை. கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் சேர்த்துப் பதிந்தேன். நிலையத்தில் கடப்பிதழ் எண்ணைத்தான் பார்த்தார்கள், உள்ளே விட்டுவிட்டார்கள். ஆனாலும் வாசலில் நின்ற அந்த இரண்டு நிமிடம் அப்பாவின் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. ஆகவே ரயில், விடுதி, அரங்கு மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். போட்டிச் சீட்டும் பெரும்பாலும் கடப்பிதழ் எண்ணோடு கட்டப்பட்டதுதான். எனவே கடப்பிதழ் எப்போதும் கையோடு இருக்கட்டும்.

விசா விஷயத்தில், 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் போகலாம். இந்தியக் கடப்பிதழோடு இருக்கும் நிரந்தரவாசிகளுக்கு அப்போதும் இப்போதும் விசா வேண்டும். என் அத்தான் அதைக் கடைசி நேரத்தில் உணர்ந்து, வர முடியாமலே போனார்.

பணத்துக்கு அலிபே, வீசேட் என்ற சீனக் கைப்பேசிச் செயலிகள் இரண்டிலும் உங்கள் வங்கி அட்டையைச் சிங்கப்பூரிலிருந்தே இணைத்துவிடுங்கள், வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண் இங்கே எளிதில் வரும். வெளிநாட்டு அட்டைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 விழுக்காடு. அங்கே வாட்ஸ்அப் திறக்காது. சிங்கப்பூர் எண்ணின் ரோமிங் வைத்திருந்தால் திறக்கும். அம்மாவுக்குத் தினமும் பேச அதுவே போதுமாக இருந்தது.

இனி சாப்பாடு. பொன்வாரம் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில்தான் வரும். அப்பா புரட்டாசி முழுக்கச் சைவம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமை தவறாத மனிதர். சாந்தி 100 மீட்டரில் வெள்ளி வாங்கிய செப்டம்பர் 30-ம் சனிக்கிழமையே. சீனாவில் "காய்தானே" என்று கேட்டு வாங்கும் தட்டில் கொத்திய பன்றி இறைச்சி தூவியிருக்கும், டோஃபுவிலும் இருக்கும், கீரையில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். "வோ ச்சு சூ", அதாவது 'நான் சைவம்', என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்: இறைச்சித் தூள் வேண்டாம், மீன் வேண்டாம், சிப்பிச் சாறு வேண்டாம், எலும்பு சூப் வேண்டாம், முட்டை வேண்டாம். அதைக் காட்டியவுடன் கடைக்காரர் சமையல்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார். ஆன்ட்டியின் அந்த அட்டையால்தான் அப்பாவின் விரதம் கெடவில்லை. பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களையும் தேடுங்கள். லிங்யின் கோயிலில் சாப்பிட்ட நூடல்சை அப்பா இன்னும் சொல்கிறார். சின்னப் பாக்கெட் ஊறுகாய் இரண்டு எடுத்துப்போனால் நல்லது.

ஹாங்ஜோவின் மேற்கு ஏரியை விடுமுறை நாளில் பகலில் பார்க்க நினைக்காதீர்கள். அங்குள்ள 'உடைந்த பாலம்' என்ற பாலத்தில் தலைகள்தான் தெரியும். காலை ஆறு மணிக்குப் போனால் தாய்ச்சி செய்யும் முதியவர்களும் ஏரியும் மட்டும்தான்.

அரங்குக்கு இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். மெட்ரோவிலும் வாசலிலும் பையைச் சோதிப்பார்கள், தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வார்கள். உள்ளே பக்கத்து இருக்கையில் கன்னத்தில் சீனக் கொடி ஒட்டிய இரண்டு மாணவிகள். அவர்கள் வீரர்களை உற்சாகப்படுத்த "ஜியாயோ" என்று கத்த, அப்பாவும் சேர்ந்து கத்தினார். அப்புறம் 200 மீட்டர் வந்தது. நாங்கள் "சாந்தி! சாந்தி!" என்றோம். அவர்களுடைய நாட்டு வீராங்கனையும் அதே ஓட்டத்தில் இருந்தார். இருந்தும் ஓட்டம் முடிந்ததும் அந்தப் பெண்கள் எழுந்து நின்று அப்பாவுக்காகக் கைதட்டினார்கள்.

முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். வெளியே தடுப்புக் கட்டி, கூட்டத்தைப் பகுதி பகுதியாகத்தான் மெட்ரோவுக்கு விடுவார்கள். வயதானவரோடு அந்த நெரிசலில் நிற்பது கடினம். நாங்கள் முக்கால் மணி நேரம் இருக்கையிலேயே இருந்தோம். காலியான அரங்கில் நம் தேசிய கீதமான மஜூலா சிங்கப்பூராவை அப்பா மெதுவாக இன்னொரு முறை பாடினார். பிறகு நடந்தோம், ரயிலில் அவருக்கு இடம் கிடைத்தது.