ரக்பி நடுவர்களுக்கு: டேக்கிள் நடந்ததும் கண் எங்கே?

புதிதாக விசில் பிடிப்பவர்கள் டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது) நடந்ததும் பந்தையே உற்றுப் பார்ப்பார்கள். பந்தை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள், அதுவும் வரிசையாக.

முதலில் டேக்கிள் செய்தவர். பிடியை விட்டு உருண்டு விலகுகிறாரா? இவர் பந்தின் மேலேயே கிடந்தால், விழுந்தவர் பந்தை விடவில்லை என்று அவரைத் தண்டிப்பது அநியாயம். இவரைத் தவறவிட்டால் அப்புறம் வரும் முடிவெல்லாம் தப்பாகிவிடும். அடுத்து விழுந்தவர், பந்தை விடுகிறாரா? கடைசியாகப் பந்தைப் பறிக்க வருபவர். தன் அணியின் பக்கமிருந்து வந்தாரா, தன் காலில் நிற்கிறாரா, இல்லை கீழே கிடப்பவர்மேல் சாய்ந்திருக்கிறாரா? ‘ரோல்’ (உருண்டு விலகு), ‘ரிலீஸ்’ (விடு) என்று ஒரு முறை உரக்கச் சொன்னால் பாதித் தவறுகள் நின்றுவிடும்.

சரி, ரக் (தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியிலும் தலா ஒருவராவது காலூன்றி முட்டி நிற்பது) அமைந்துவிட்டதா? தலையை நிமிர்த்தி ஆஃப்சைடு கோட்டை, அதாவது மற்ற வீரர்கள் தாண்டி நிற்கக் கூடாத கோட்டைப் பாருங்கள். 2017இல் லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இத்தாலி வேண்டுமென்றே ரக் அமைக்காமல் விட்டது. கோடே இல்லாததால் இத்தாலி வீரர்கள் எதிரணிப் பக்கமே போய் நின்றார்கள்; இங்கிலாந்து திணறியது, நடுவர் ரொமான் புவாட்டிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அந்த வித்தை செல்லாது. காலூன்றிய ஒருவர் பந்தின் மேல் வந்தாலே கோடு உண்டு.