சிங்கப்பூர் போகுமுன்: சுகாதார விதிகளை நீங்களே பார்த்து முடிப்பது எப்படி?

கொரோனா போய்விட்டது, இனி பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் போதும் என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கொரோனாவுக்காகப் போட்ட கடைசி எல்லைக் கட்டுப்பாடுகளை சிங்கப்பூர் 2023 பிப்ரவரி 13 அன்று எடுத்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் வந்த ஒரு நடைமுறை அப்படியே நிலைத்துவிட்டது. தரையிறங்கும் முன்பே உங்கள் உடல்நிலையையும், அதற்கு முந்தைய நாட்களில் எங்கே இருந்தீர்கள் என்பதையும் ‘சிங்கப்பூர் வருகை அட்டை’ என்ற படிவத்தில் இணையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து மகனையோ மகளையோ பார்க்க முதல்முறை விமானம் ஏறும் பெற்றோரையும், அவர்களுக்கு உதவும் பிள்ளைகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏஜென்ட்டிடம் கொடுத்தால் அவர் முடித்துத் தருவார்தான். இருந்தாலும் வீட்டில் ஒருவராவது புரிந்து செய்வது நல்லது. படிவத்தில் உள்ளதற்குப் பொறுப்பு பயணம் செய்கிறவர்தான். பொய்த் தகவல் தருவது அங்கே குற்றம்.

விதியைப் படிக்கும் முறை

படிவத்தைத் திறப்பதற்கு முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள். 2020 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான் பச்சை மண்டலம், அதாவது கொரோனா தொற்று இல்லாத பகுதி. அப்போது ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லையில், ஜுஜுவாடி சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் கேட்டார்களே, அங்கே நீங்கள் ஓசூர்க்காரரா என்பதைவிட எங்கிருந்து வருகிறீர்கள் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. நாடுகளின் எல்லையிலும் இதே கணக்குதான்.

2021 ஏப்ரல் கடைசியில் சிங்கப்பூர் ஒரு தடை போட்டது. சிங்கப்பூர் குடிமக்கள், நிரந்தரவாசிகள் தவிர, முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த பயணிகளுக்கு அனுமதி இல்லை. அங்கே வேலை அனுமதி வைத்திருந்தவர்களும் உள்ளே போக முடியவில்லை. மற்ற நாட்டவர் விஷயத்தில் அந்தத் தடை பார்த்தது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதை அல்ல, அந்த 14 நாட்களை. அதே ஆண்டு நவம்பர் 29 முதல், தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் வர இந்தியாவுக்குத் தனிப்பாதை திறந்தார்கள். அதற்கென்று குறித்த விமானங்கள் முதலில் சென்னை, டில்லி, மும்பையிலிருந்து மட்டும்தான். நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூரு அந்தப் பட்டியலில் இல்லை. எந்த நகரத்தில் ஏறுகிறோம் என்பதுகூட அன்று சுகாதார விதியின் ஒரு பகுதி.

அதனால் எந்த நாட்டின் விதியைப் படித்தாலும் மூன்றைத் தேடுங்கள்: எத்தனை நாள் பயண வரலாறு கேட்கிறார்கள், நாட்களை எந்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள், கையில் என்ன ஆதாரம் வேண்டும். நாளைக்கே புதிதாக ஒரு தொற்று வந்து விதி மாறினாலும் இந்த மூன்றுக்குள்தான் வரும்.

படி 1: சரியான பக்கத்துக்குப் போங்கள்

சிங்கப்பூர் வருகை அட்டை என்பதுதான் அந்தப் படிவம். அதை நடத்துவது சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையம், சுருக்கமாக ஐசிஏ. அவர்களின் இணையதளத்தில் நிரப்பலாம், மை ஐசிஏ செயலியிலும் நிரப்பலாம். கட்டணம் ஒரு பைசாகூட இல்லை.

கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் சில தளங்கள் இதற்கே டாலரில் பணம் கேட்கும். கார்டு எண் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். முகவரியில் தளத்தின் பெயர் ‘ஜிஓவி டாட் எஸ்ஜி’ (gov.sg) என்று முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். யூடியூப் வீடியோவும் வாட்ஸப் பார்வர்டும் என்றைக்கு எடுத்தவை என்று தெரியாது. 2021-ல் செல்லுபடியான விதியை இன்றும் சுற்றவிடுகிறார்கள்.

இந்த அட்டை விசா அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியர்களுக்கு விசா தனியாக வேண்டும்.

படி 2: நாட்களை எண்ணுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அட்டையை அனுப்ப வேண்டும். கிளம்பும் நாள் கணக்கில் வராது.

பெங்களூரிலிருந்து வியாழன் இரவு 11 மணிக்கு விமானம் என்று வையுங்கள். பயணம் நாலரை மணி நேரம் போல ஆகும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே இறங்கும்போது அங்கே வெள்ளி காலை 6 மணி. வருகை நாள் வெள்ளி. வெள்ளி, வியாழன், புதன் என்று பின்னோக்கி எண்ணினால், புதன்கிழமை முதல் அனுப்பலாம். புதன் மாலை உட்கார்ந்து முடித்துவிடுங்கள். வியாழன் அன்று விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேர பெங்களூரு நெரிசலை முழுக்கக் கடக்க வேண்டும். காரில் உட்கார்ந்து செல்போனில் படிவம் நிரப்பும் நிலை வேண்டாம்.

படி 3: படிவத்தை நிரப்புங்கள்

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், தங்கும் முகவரி நான்கையும் முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் ஊரில் ஆதாரில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். ஆதாரைப் பார்த்து எழுத வேண்டாம். பிள்ளை வீட்டு முகவரியில் மாடி எண், கதவு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு எல்லாம் வேண்டும். முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள்.

சுகாதாரப் பகுதி சின்னதுதான். காய்ச்சல், இருமல் போன்ற அறிகுறிகள் இருக்கின்றனவா என்று கேட்கும். அப்புறம், கடந்த ஆறு நாட்களில் ஆப்பிரிக்காவிலோ லத்தீன் அமெரிக்காவிலோ குறிப்பிட்ட நாடுகளுக்குப் போனீர்களா என்று கேட்கும். படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள். அனுப்பியதும் மின்னஞ்சல் வரும், அதைச் செல்போனில் சேமித்து வையுங்கள். விமானம் மாறினாலோ உடல்நிலை மாறினாலோ இறங்கும் முன் திருத்தலாம்.

படி 4: மஞ்சள் காய்ச்சல், தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்

ஊரிலிருந்து நேராகப் போகிறவர்கள் இதைத் தாண்டிவிடலாம். ஆனால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு நம் பக்கத்து ஆட்கள் ஆப்பிரிக்கா போய் வருகிறார்கள். அங்கிருந்து அப்படியே சிங்கப்பூர் போகிறவர், மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டில் கடந்த ஆறு நாட்களில் இருந்திருந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் அவரை அங்கே தனிமைப்படுத்தி வைக்கக்கூடும். இந்தியாவுக்குத் திரும்பும்போதும் இதே விதி உண்டு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னை கிண்டி கிங் நிலையம் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் போட முடியும்.

படி 5: மருந்துப் பை

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். மாத்திரைகளை அவற்றின் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கலந்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பயணத்தில் அது வேண்டாம். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடுமையான வலி மாத்திரை போன்றவற்றுக்கு சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். அவர்களின் தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வாயில் அடக்கும் புகையிலைக்கும் மின் சிகரெட்டுக்கும் அங்கே தடை. தாத்தாவின் பையை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

படி 6: காப்பீடும் காய்ச்சலும்

2021-ல் அந்தத் தனிப்பாதையில் சுற்றுலா போனவர்கள் கொரோனா சிகிச்சைக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலர் காப்பீடு எடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வெளிநாட்டவருக்கு அங்கே ஆஸ்பத்திரிக் கட்டணத்தில் மானியம் கிடையாது. வயதானவர்களை அனுப்பும்போது காப்பீடு இல்லாமல் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

கிளம்பும் நாளில் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டு மறைத்துக்கொண்டு ஏற வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு, விமான நிறுவனத்திடம் தேதி மாற்றக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் டெங்கு ஆண்டு முழுக்க உண்டு. திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் நேராக தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நாட்டிலிருந்து, எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.