தொண்டிக் கரையில் சுறா, திருக்கைக் கணக்கெடுப்பு

காரைக்குடி மீன்கடையில் எண்ணாதீர்கள். அங்கே தலையும் வாலும் போயிருக்கும். எங்கே பிடித்தது என்றும் தெரியாது. விடியுமுன் தொண்டிக்குப் போய், ஏலம் தொடங்குமுன் அளந்துவிடுங்கள்.

சுறாவை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை, உடல் வளைவில் நாடா படியாமல் நேராக அளக்கவும். திருக்கைக்கு இது உதவாது: முள்ளுக்குப் பயந்து படகிலேயே வாலை நறுக்கிவிடுவார்கள். சிறகுக்குச் சிறகு அகலம் எடுங்கள். வயிற்றைத் திருப்பினால் இடுப்புத் துடுப்போரம் விரல்போல இரண்டு நீட்டல் இருப்பது ஆண். அவை விறைத்திருந்தால் முதிர்ந்தது.

சுறா, திருக்கை ஒன்றுமே படாத படகையும் கட்டாயம் எழுதுங்கள். அதை விட்டால் சுறா குறைவது கணக்கில் தெரியவே தெரியாது. வலை வகை, வலை கிடந்த நேரம், பார் (கடலடிப் பாறை) ஓரமா சேற்றுத்தரையா என்றும் கேட்டு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. அந்த நாட்களின் கணக்கைத் தனியாக வைக்கவும்.